உஷார்! 'டி.எல்.எல். காணவில்லை' என்று கணினி சொன்னால் இணையத்தில் தேடி ஓடாதீர்கள்

போன பள்ளி விடுமுறையில் ஒரு டீச்சர் தம் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி.

"தம்பி, ரெண்டு வாரமா இது ஆமை மாதிரி ஊருது. நான் தொடாம வச்சிருக்கும்போதே நடுச்சாமத்துல காத்தாடி கொர்ருனு சுத்துது. கை வச்சா சுடுது. பழசாப் போச்சாப்பா?"

"புதுசா ஏதாச்சும் போட்டீங்களா டீச்சர்?"

"ஒண்ணும் போடலய்யா. கேள்வித்தாள் செய்யற புரோகிராம் ஒருநாள் திறக்க மாட்டேனுச்சு. என்னமோ டி.எல்.எல். காணோம்னு ஒரு பெட்டி வந்துச்சு. அக்கா மகன்தான் நெட்ல தேடி ஒரு ஃபைல் இறக்கி உள்ள போட்டான். அதுக்கப்புறம் நல்லாத்தான் திறக்குது."

நல்லாத்தான் திறக்குது! எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வார்த்தைதான். கெட்டுப்போன கணினியை நாம் கடைக்குக் கொண்டுபோவோம். நன்றாகத் திறக்கிற புரோகிராமை யார் சந்தேகிப்பார்கள்?

அந்தப் புரோகிராம் இருந்த ஃபோல்டரைத் திறந்து, கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள். எல்லாவற்றிலும் ஒரே நாள், 2021-ஆம் ஆண்டுத் தேதி. ஒன்றே ஒன்று மட்டும் இரண்டு வாரத்துக்கு முந்திய தேதியோடு உச்சியில் நின்றது. பெயர் எம்.எஸ்.வி.சி.பி.140.டி.எல்.எல். பெயரில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பெயருள்ள உண்மையான மைக்ரோசாஃப்ட் கோப்பு சுமார் அரை எம்.பி.தான் இருக்கும், இது ஆறு எம்.பி. வலது பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' போனால், உண்மையான கோப்பில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும், செய்த நிறுவனத்தின் கையெழுத்து அதில் இருக்கும். இதில் அந்தப் பக்கமே இல்லை. டீச்சர் கேள்வித்தாள் தட்டிக்கொண்டிருந்த நேரத்திலும், தொடாமல் வைத்திருந்த நடுச்சாமத்திலும், அவர் மின்கட்டணத்தில், அவர் கணினியில், முகம் தெரியாத எவனோ ஒருவனுக்கு மின்காசு (கிரிப்டோ) தோண்டிக்கொண்டிருந்தது அந்தக் கோப்பு. பிரௌசரில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களை அது தொட்டிருக்காது என்று என்னால் அவருக்கு உறுதி சொல்ல முடியவில்லை.

திருமண அழைப்பிதழ் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடக்கூடாது என்று இப்போது நம்மில் பலருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கணினியில் நடக்கும் இந்தக் காரியத்தைப் பற்றி யாரும் நமக்கு உரக்கச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒரு புரோகிராம் என்றால் ஒரே கோப்பு என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. நீங்கள் இரட்டைச் சொடுக்குப் போடுவது தலையை. கையும் காலும் வேறு கோப்புகளில் இருக்கின்றன. எழுத்தைத் திரையில் காட்டுவது ஒன்று, அச்சுக்கு அனுப்புவது ஒன்று, கணக்குப் போடுவது ஒன்று. விண்டோஸில் அந்தக் கோப்புகளுக்குத்தான் டி.எல்.எல். என்று பெயர். தலை எழுந்தவுடன் தனக்கு வேண்டிய கோப்புகளின் பட்டியலை நீட்டும். அந்தப் பட்டியலில் பெயர்கள் மட்டுமே இருக்கும். எங்கே இருக்கிறது என்ற முகவரி பெரும்பாலும் இருக்காது; யார் செய்தது என்ற அடையாளமும் இருக்காது.

பெயரை வைத்துக்கொண்டு விண்டோஸ் தேடுகிறது. முதலில் தேடுவது எங்கே? அந்தப் புரோகிராம் எந்த ஃபோல்டரிலிருந்து திறக்கப்பட்டதோ, அதே ஃபோல்டரில். அங்கே இல்லையென்றால் விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32. அதற்கப்புறம் விண்டோஸ் ஃபோல்டர், அதற்கப்புறம் அந்த நேரத்தில் புரோகிராம் வேலை செய்துகொண்டிருக்கும் ஃபோல்டர், கடைசியாக 'பாத்' என்ற பட்டியலில் உள்ள இடங்கள். அடிப்படையான சில டி.எல்.எல்.களை மட்டும் விண்டோஸ் இந்தத் தேடலுக்கு விடாமல் நேராகத் தன் சொந்தப் பிரதியையே எடுத்துக் கொடுத்துவிடும். மற்ற எல்லாவற்றுக்கும் இந்த வரிசைதான். பெயர் பொருந்துகிற முதல் கோப்பு கிடைத்ததும் தேடல் நின்றுவிடும். கிடைத்ததை உள்ளே ஏற்றி, வேலையைக் கொடுத்துவிடும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க நான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைத்தான் காட்டுவேன். விடியற்காலை ஐந்தரை மணி, இருட்டு. கிராணி விளக்கு வெளிச்சத்தில் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் வரும். தலையை நிமிர்த்தாமலே அந்தப் பெயருக்கு நேராகக் கோடு போடுவார். முன்வரிசைக் குரல்தான் முதலில் காதில் விழும். என் அப்பா சொல்வார், ஒருநாள் காய்ச்சலில் லயத்தில் படுத்துக் கிடந்தவருக்குப் பதிலாக இன்னொருவர் முன்னால் போய் நின்று "இருக்கேன்" என்று சொல்லி, அவருடைய நல்ல மர நிரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். பெயர் கூப்பிடப்பட்டது, குரல் வந்தது, கோடு விழுந்தது. முகத்தை யாரும் பார்க்கவில்லை.

டி.எல்.எல். விஷயத்தில் முன்வரிசை என்பது அந்தப் புரோகிராமின் சொந்த ஃபோல்டர். அந்த இடத்தில் ஒரு திருட்டுக் கோப்பு, கேட்கப்படும் பெயரையே வைத்துக்கொண்டு நின்றால் போதும். அதுதான் உள்ளே போகும். நல்ல கோப்பு பின்னால் சிஸ்டம்32-இல் கைகட்டி நிற்கும். அதை யாரும் கூப்பிடவே மாட்டார்கள். இன்னும் கொடுமை என்னவென்றால், உள்ளே போன திருட்டுக் கோப்பு உண்மையான கோப்பையும் தானே கூப்பிட்டு, அதன் வேலையை அதைக்கொண்டே செய்ய வைக்கலாம். அதனால்தான் புரோகிராம் "நல்லாத்தான் திறக்குது".

சொந்த ஃபோல்டரை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 1990-களில் எல்லாப் புரோகிராம்களும் ஒரே பொது இடத்தில் டி.எல்.எல்.களைக் கொட்டி வைத்தன. புதிதாக ஒன்றைப் போட்டால், அது பழைய பதிப்பை மாற்றிவிடும். நேற்றுவரை ஓடிய இன்னொரு புரோகிராம் இன்று படுத்துவிடும். அந்தக் காலத்தில் கணினி வைத்திருந்தவர்களுக்கு அந்த வேதனை நினைவிருக்கும். அதற்கு மருந்தாகத்தான் அவரவர் கோப்பு அவரவர் ஃபோல்டரில் என்ற பழக்கம் வேரூன்றியது. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அந்த ஃபோல்டருக்குள் யார் வேண்டுமானாலும் கோப்பு போடலாம் என்ற நிலை இருந்தால் அதுவே வாசலைத் திறந்து வைத்தது போல் ஆகிவிடுகிறது.

வேலை செய்துகொண்டிருக்கும் ஃபோல்டரையும் ஒரு காலத்தில் விண்டோஸ் வரிசையில் முன்னாலேயே பார்த்தது. 2004-இல் வந்த எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2-இலிருந்துதான் அது இயல்பாகவே பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதுவும் போதவில்லை. 2010 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டே எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது. பாட்டுக் கோப்பையோ ஆவணத்தையோ அது இருக்கும் ஃபோல்டரில் வைத்தே திறந்தால், பக்கத்தில் பதுங்கியிருக்கும் டி.எல்.எல்.லும் சேர்ந்து ஏறிவிடும் என்ற ஓட்டை பல நிறுவனங்களின் புரோகிராம்களில் இருப்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் மைசெர்ட் பிரிவு, அரசாங்க அதிகாரிகளைக் குறிவைத்து உளவு வேலை நடக்கிறது என்று எச்சரிக்கை விடுத்தது. அந்த ஆண்டு மலேசியாவைக் குறிவைத்துச் சுற்றிய ஆவணங்களில் ஒன்றின் பெயர் 'புபார் பார்லிமென்'. நாடாளுமன்றத்தைக் கலைத்தல் என்று பொருள். ஆட்சி கவிழ்ந்து நாடே பரபரத்துக் கிடந்த அந்த ஆண்டில் அப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் திறக்கக் கை வராது? எலாஸ்டிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆவணத்தைத் திறந்தால் அது இரண்டு கோப்புகளைக் கணினியில் அருகருகே இறக்கியது. ஒன்று லாஜிடெக் கேமராவின் உண்மையான புரோகிராம், அதில் ஒரு கெடுதலும் இல்லை. மற்றொன்று லாஜிமெயில்.டி.எல்.எல். என்ற பெயரில் ஒரு போலி. உண்மையான புரோகிராம் எழுந்தது, வழக்கம்போல் பெயர் கூப்பிட்டது, பக்கத்தில் நின்ற போலி "இருக்கேன்" என்றது.

பிறகு டார்க் பிங்க் என்று பெயரிடப்பட்ட ஒரு கும்பல். 2023 ஜனவரியில் குரூப்-ஐ.பி. நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், பாதிக்கப்பட்ட அமைப்புகளில் மலேசியாவையும் பிலிப்பீன்ஸையும் சேர்ந்த இராணுவ அமைப்புகள் இருந்தன. அந்தக் கும்பல் அனுப்பிய மின்னஞ்சல்களில் ஒன்று, வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் எழுதியது போன்றது. கூடவே ஐ.எஸ்.ஓ. வகைக் கோப்பு. அதற்குள் மைக்ரோசாஃப்ட் வேர்டின் உண்மையான, கையெழுத்துள்ள புரோகிராமே இருந்தது. ஆவணம் போலத் தோன்றும்படி பெயர் மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு போலி டி.எல்.எல். வேர்டு எழுந்தவுடன் அதைத் தன் ஃபோல்டரிலிருந்தே எடுத்துக்கொண்டது. அரசாங்க அதிகாரிகள், இராணுவம் என்றுதானே, நமக்கென்ன என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குச் செய்ததும் டீச்சர் கணினியில் செய்ததும் ஒரே வித்தைதான். கோப்பைக் கொண்டுவந்து வைத்த கைதான் வேறு. நம் விஷயத்தில் வைத்தது நம் வீட்டுப் பிள்ளையின் கை.

இப்போது பென்டிரைவுக்கு வருகிறேன். மலாக்கா மாநிலத்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மெர்லிமாவ், மஸ்ஜித் தானா, புலாவ் செபாங், பெம்பான், அலோர் காஜா என்று எந்தச் சிற்றூரை எடுத்தாலும் ஒரு சின்ன அச்சுக்கடை இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், பிள்ளைகளின் பள்ளித் திட்டப்பணி எல்லாம் அந்த ஒரே கணினிக்குள் போகும். செங் சன்னாசிமலைக் கோயில் மாசி மகம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை பென்டிரைவைக் கொண்டுவந்து செருகுவார்கள் என்று அந்தக் கடைக்காரர்களைக் கேளுங்கள். செருகப்பட்டவை அங்கிருந்து தமிழ்ப்பள்ளி அலுவலகத்துக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் வீட்டுக்கும் போகின்றன.

பிளக்எக்ஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. அதன் ஒரு வகை பென்டிரைவ் வழியாகவே பரவுகிறது. கிருமி பிடித்த கணினியில் செருகியவுடன் உங்கள் கோப்புகளையெல்லாம் மறைவான ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். அந்த ஃபோல்டருக்குப் பெயராகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடக் குறி. உங்கள் கண்ணுக்குத் தெரிவது பென்டிரைவின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட் மட்டும்தான். 'இதென்ன, பென்டிரைவுக்குள் இன்னொரு பென்டிரைவா' என்று நினைத்தபடி அதைச் சொடுக்குவீர்கள். உங்கள் கோப்புகள் திறக்கும். பின்னாலேயே கையெழுத்துள்ள ஒரு நல்ல புரோகிராம் எழும்பி, பக்கத்தில் நிற்கும் போலி டி.எல்.எல்.லைக் கூப்பிடும். அந்தப் போலி, பூட்டி வைத்திருக்கும் மூன்றாவது கோப்பைத் திறந்துவிடும். அந்த மூன்றாவதுதான் உண்மையான திருடன். வைரஸ் தடுப்பு மென்பொருள் தலையைச் சோதித்தால் தலை சுத்தம்; கையெழுத்து சரியாக இருக்கும்.

எவ்வளவு பரவியிருக்கிறது என்று கேளுங்கள். 2023 செப்டம்பரில் பிரான்ஸின் செகோயா நிறுவனம், அந்தக் கிருமி தகவல் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு கைவிடப்பட்ட முகவரியை வெறும் 7 டாலருக்கு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தது. ஆறு மாதத்தில் 170-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 25 லட்சம் வெவ்வேறு இணைய முகவரிகள் அதனோடு பேச வந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை, நீதிமன்ற அனுமதியோடு தன் நாட்டில் மட்டும் சுமார் 4,258 கணினிகளிலிருந்து அந்தக் கிருமியை நீக்கியதாக அறிவித்தது. நம் ஊர் அச்சுக்கடைக் கணினியை எந்த நீதிமன்றமும் வந்து துடைத்துக் கொடுக்கப் போவதில்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பென்டிரைவில் புரோகிராமையே வைத்துக்கொண்டு எந்தக் கணினியில் செருகினாலும் ஓட்டும் பழக்கமும் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பென்டிரைவில் உள்ள ஃபோல்டருக்கு எந்தக் காவலும் இல்லை. அது செருகப்படும் எந்தக் கணினியும் அதற்குள் ஒரு டி.எல்.எல்.லை எழுதிவிட்டுப் போகலாம். 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட ஆவணங்களில், அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. இதே வழியில் நோட்பேட் பிளஸ் பிளஸ், வி.எல்.சி. போன்ற புரோகிராம்களை முகமூடியாகப் பயன்படுத்தத் திட்டம் வைத்திருந்தது தெரிந்தது. நோட்பேட் பிளஸ் பிளஸ் செய்தவர் சில நாளிலேயே புதிய பதிப்பு விட்டார். தன் டி.எல்.எல்.லின் கையெழுத்தைச் சோதித்த பிறகே அந்தப் பதிப்பு அதை ஏற்றும். எல்லாப் புரோகிராமும் இப்படி முகம் பார்த்து வேலை கொடுப்பதில்லை.

அடுத்து, கிராக், அதாவது காசு கொடுக்காமல் மென்பொருளை ஓட்டும் திருட்டு வழி. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஐந்நூறு வெள்ளி, ஆயிரம் வெள்ளி கொடுத்து மென்பொருள் வாங்க நம் வீடுகளில் வசதி இல்லை என்பது எனக்குத் தெரியும். நானும் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவன்தான். ஆனால் கிராக் பொட்டலத்தோடு வரும் குறிப்பைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். 'வைரஸ் தடுப்பை நிறுத்து. இந்தக் கோப்பை எடுத்து, மென்பொருள் இருக்கும் ஃபோல்டரில் போடு. ரிப்ளேஸ் பண்ணவா என்று கேட்டால் யெஸ் கொடு.' பெரும்பாலும் அந்தக் கோப்பு ஒரு டி.எல்.எல்.தான். உளவுக் கும்பல்கள் எத்தனையோ பாடுபட்டுச் செய்யும் காரியத்தை, காவலையும் நாமே விலக்கி, நம் கையாலேயே செய்து முடிக்கிறோம். உரிமம் கேட்கும் பகுதியை அது முடக்குகிறது. அதோடு வேறு என்ன செய்கிறது என்று அதைச் செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும். லிப்ரே ஆபிஸ் இலவசம். கிம்ப் இலவசம். இங்க்ஸ்கேப் இலவசம். கேள்வித்தாளும் நோட்டீசும் செய்ய இவை தாராளமாகப் போதும்.

தமிழ் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் தட்டச்சு முறைகளைத் தருவதும் டி.எல்.எல்.தான், நீங்கள் எந்தப் புரோகிராமில் எழுத்தைத் தட்டுகிறீர்களோ, அந்தப் புரோகிராமுக்குள்ளேயே அது ஏற்றப்படுகிறது. பிரௌசர், மின்னஞ்சல், வங்கிப் பக்கம் எல்லாவற்றிலும். போலியான ஒரு தட்டச்சு மென்பொருளைப் போட்டீர்கள் என்றால், உங்கள் விரல் தொடும் ஒவ்வொரு விசையின் பக்கத்திலும் ஒரு அந்நியனை உட்கார வைத்ததாகும். 1985-இல் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு அஞ்சல் இந்த மண்ணில் பிறந்தது. அதை வேண்டுபவர்கள் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். புலனக் குழுவில் யாரோ சிப் கட்டி அனுப்பினால் வேண்டாம். அதுவும் இல்லையென்றால் விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது, சேர்த்துக்கொண்டால் போதும்.

1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் போட்ட ரப்பர்க் கன்றுகள், பிறகு புக்கிட் அசகான் தோட்டம் என்று மலாயாவின் ரப்பர்த் தோட்டக் கதையில் நம் மலாக்காவுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. அந்தப் பால்மரங்களுக்கு அடியில் பெரட்டுக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் டெக்னீஷியன்களாக இருக்கிறார்கள். இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு முன்னால் மடிக்கணினியோடு நிற்பவர்கள் அவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கிருமி என்ன செய்தது தெரியுமா? பென்டிரைவ் வழியாகப் பரவியது. சீமென்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடு பேசும் ஒரு டி.எல்.எல்.லின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி அதை ஓரத்தில் வைத்துவிட்டு, பழைய பெயரில் தன் கோப்பை நிறுத்தியது. ஈரானின் நடான்ஸில் யுரேனியச் சுழலிகள் கண்டபடி சுற்றிச் சேதமாகிக்கொண்டிருந்தன. திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. தொழிற்சாலை மடிக்கணினியில் வீட்டுப் பென்டிரைவைச் செருகாதே என்று சூப்பர்வைசர் கத்தினால், அவர் மேல் கோபப்படாதீர்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று இருக்க வேண்டாம். அங்கே ஒரு புரோகிராமைத் தொடங்கும்போது, 'உன் பெயர் இது' என்று தொடங்குபவரே சொல்லி அனுப்புவார். அவர் பொய் சொல்லலாம்; ஒரு காலத்தில் சொல்லாமலும் விட முடிந்தது. பி.கே.எக்ஸெக் என்று ஒரு சின்னப் புரோகிராம், மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடக்கூடியது. பெயர் எப்போதும் வரும் என்று நம்பியே அது எழுதப்பட்டிருந்தது. பெயரே சொல்லாமல் தொடங்கினால், பக்கத்து நினைவகத்தில் இருப்பதைத் தன் பட்டியலாக எண்ணி வாசித்து, அந்தச் சொல்லைப் பாத் பட்டியலில் தேடி, கிடைத்ததை அங்கேயே திருப்பி எழுதிவிடும். அந்த வழியாக, பாதுகாப்புக்காக விலக்கி வைத்த ஒரு சூழல் அமைப்பு திரும்ப நுழைந்து, எதிரியின் நூலகக் கோப்பை (லினக்ஸில் டி.எல்.எல். போன்றது அதுதான்) ஏற்ற வைக்கும். சாதாரணப் பயனர் முழு அதிகாரியாகிவிடுவார். 2009 மே மாதத்திலிருந்தே இருந்த ஓட்டை இது. 2022 ஜனவரி 25-ஆம் தேதிதான் குவாலிஸ் நிறுவனம் வெளியில் சொன்னது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்! புரோகிராம் எழுதப் படிக்கும் பிள்ளைகள் இதை மறக்கக்கூடாது. 'நான் எங்கே இருக்கிறேன்' என்று இயங்குதளத்தைக் கேளுங்கள். தொடங்கியவர் சொன்ன பெயரை நம்பாதீர்கள். நூலகக் கோப்பை முழு முகவரி கொடுத்து அழையுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

'டி.எல்.எல். காணவில்லை' என்ற பெட்டி வந்தால் அந்தப் பெயரை இணையத்தில் தேடாதீர்கள். தனி டி.எல்.எல்.களை இலவசமாக வாரிக் கொடுக்கும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றையும் தொடாதீர்கள். அந்தப் பெட்டியிலேயே பெரும்பாலும் 'புரோகிராமை மறுபடி நிறுவிப் பாருங்கள்' என்று எழுதியிருக்கும்; அதைச் செய்யுங்கள். எம்.எஸ்.வி.சி.பி., வி.சி.ரன்டைம் என்று தொடங்கும் பெயர்கள் என்றால், வேண்டியது 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்டிரிபியூட்டபிள்' என்ற மைக்ரோசாஃப்ட் பொட்டலம். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. முழுப் பொட்டலமாக நிறுவுங்கள், ஒற்றைக் கோப்பாக வேண்டாம்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரை இன்றைக்கே பாருங்கள். பெரும்பாலோர் வீட்டில் அது குப்பைமேடு. அங்கே இறக்கிய நிறுவல் கோப்பை அங்கேயே சொடுக்கினால், அதற்கு முன்வரிசை அந்தக் குப்பைமேடுதான். எப்போதோ பிரௌசர் வழியாகத் தானாக இறங்கிய ஒரு டி.எல்.எல். அங்கே காத்துக் கிடந்தால் போதும். தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி, ஒரு புள்ளி, டி.எல்.எல். என்ற மூன்று எழுத்து போட்டுத் தேடுங்கள். தனியாக ஏதாவது அகப்பட்டால் நீக்குங்கள். நிறுவல் கோப்பை வெறுமையான புது ஃபோல்டருக்கு மாற்றிய பிறகே திறங்கள். நிறுவும்போது புரோகிராம் ஃபைல்ஸ் என்று அது காட்டும் இடத்தை மாற்றாதீர்கள். அங்கே கோப்பு எழுத நிர்வாகி அனுமதி வேண்டும், அதுதான் வேலி.

கோப்பு உலாவியின் 'வியூ' பட்டியலில் கோப்புப் பெயரின் வால் எழுத்துகளையும் மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லி வையுங்கள். வேர்டு படம் போட்டுக்கொண்டு, வால் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது ஆவணம் இல்லை. சிப் அல்லது ஐ.எஸ்.ஓ.வுக்குள் ஒரு ஆவணத்தோடு இ.எக்ஸ்.இ.யும் டி.எல்.எல்.லும் சேர்ந்து வந்தால், யார் அனுப்பியிருந்தாலும், உங்கள் சொந்தத் தலைமையாசிரியரே அனுப்பியிருந்தாலும், முதலில் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். அச்சுக்கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோகாமல் பி.டி.எஃப். ஆக மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அந்தக் கோப்பை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். சொந்த ஆவணங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸை அடியோடு மறுபடி நிறுவுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கு 1-300-88-2999 என்ற எண்ணில் சொல்லலாம். வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வங்கியையும் மோசடிப் புகாருக்கான 997-ஐயும் அழையுங்கள்.

டீச்சரின் கணினியை அப்படித்தான் துடைத்துக் கொடுத்தேன். ஆண்டிறுதித் தேர்வுத் தாள்கள் பத்திரமாக இருந்தன. கடையிலிருந்தே அக்கா மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார். ஐந்தாம் படிவம் படிக்கும் பையன், நல்ல பிள்ளை. அழுதுவிட்டான். பிறகு ஒரு விஷயம் சொன்னான். தன் கைவேலை பலித்த சந்தோஷத்தில், அதே கோப்பைச் சிப் கட்டி, அதே தொல்லை இருந்த மூன்று நண்பர்களுக்குப் புலனத்தில் அனுப்பியிருக்கிறான். இரண்டு பேர் மறுநாளே கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது பையன் சுங்கை ரம்பாய் பக்கம். "எங்க லேப்டாப் நல்லாத்தான் ஓடுது அங்கிள்" என்கிறான். இதை எழுதும் நேரம்வரை வரவில்லை.